பிரஸ் வந்தால் மூன்றாவது பாஸில் பந்து போகிறது: டிராப்பிங் குறையா, வேறா?

ஜூன் 3, இரவு 9.10 | லெஃப்ட் பேக்

16 வயதுக்குட்பட்டோர் ஹாக்கி அணி. பயிற்சியில் எல்லாம் சுத்தம். இருவர் இருவராக நின்று புஷ்–டிராப் (ஒருவன் தள்ள, மற்றவன் மட்டையால் நிறுத்துவது) தினமும் 40 நிமிடம். பந்து மட்டையில் ஒட்டிக்கொள்கிறது. மேட்ச்சில் எதிரணி நாலு பேரை மேலே ஏற்றிப் பிரஸ் செய்தால் (பந்தோடு இருப்பவனை நெருக்கினால்) போதும், பின்வரிசையிலிருந்து மூன்றாவது பாஸுக்குள் பந்து பறிபோகிறது. எங்கள் பேஸ்லைனிலிருந்து 15 மீட்டரில் வைத்து எடுக்கும் ஃப்ரீ ஹிட்டே எங்களுக்கு ஆபத்தாகிவிட்டது. டிராப்பிங் இன்னும் போதவில்லை என்பது என் முடிவு. 40 நிமிடத்தை 60 ஆக்கப் போகிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

ஜூன் 3, இரவு 10.25 | சென்டர் ஹாஃப்

உண்டு. 60 ஆக்காதீர்கள், 10 ஆக்குங்கள்.

எதிரெதிரே நிற்கும் டிரில்லில் பந்து வரும் திசையும் பையன் பார்க்கும் திசையும் ஒன்று. மேட்ச்சில் பந்து பக்கவாட்டில் வரும், ஆள் முன்னாலிருந்தோ முதுகுப் பக்கமோ வருவான், அடுத்த பாஸ் மூன்றாவது திசையில் போக வேண்டும். அந்த 40 நிமிடத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பந்தை நிறுத்த உங்கள் பையன்களுக்குத் தெரியும். எப்படி நின்று வாங்குவது என்பதுதான் தெரியவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

வீடியோ இருந்தால் பந்தைப் பார்க்காதீர்கள். ரைட் பேக்கின் பாதங்களைப் பாருங்கள். சென்டர் பேக்கிடமிருந்து பாஸ் வரும்போது இரண்டு கட்டைவிரலும் பந்தை நோக்கியிருந்தால் அவன் ஏற்கெனவே அடைபட்டுவிட்டான். டிராப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கிருந்து வந்த வழியே திருப்பிக் கொடுக்கத்தான் முடியும். பிரஸ் செய்பவன் காத்திருப்பதும் அந்தப் பாஸுக்குத்தான்.

சரியான நிலை: முதுகு சைட்லைனுக்கு, வலது தோள் எதிரணி கோல் பக்கம். பந்தை உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு வலது பாதத்துக்கு முன்னால் வாங்க வேண்டும். மட்டையின் முகம் அப்போதே முன்னோக்கித் திறந்திருக்கும். மேல் கை பந்தைவிடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால் பந்து துள்ளாது. வலது கை இறுகக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் பந்து ஒரு மீட்டர் தெறிக்கும். பந்தைச் செத்த மாதிரி நிறுத்தவும் வேண்டாம். அடுத்த வேலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் 30–50 செ.மீ. நகர்ந்து நின்றால் போதும்.

ஜூன் 3, இரவு 10.50 | சென்டர் ஹாஃப்

விட்டுப்போனது: பாஸின் வேகம்.

கணக்குப் போடுவோம். இரண்டு பேக்குக்கு நடுவே 15 மீட்டர். பிரஸ் செய்பவன் வாங்குகிறவனிடமிருந்து 12 மீட்டரில். அவன் விநாடிக்கு 6 மீட்டர் ஓடுவான் என்று வையுங்கள். பாஸ் சோம்பலாக உருண்டு 2 விநாடியில் வந்தால் பந்தும் அவனும் ஒன்றாக வந்து சேருவார்கள். அதே பாஸ் ஒரு விநாடியில் வந்தால் அவன் இன்னும் 6 மீட்டர் தள்ளி இருப்பான். அந்த 6 மீட்டர்தான் உங்கள் பையன் தலை நிமிர்ந்து பார்க்கும் நேரம். வாங்கியவனைத் திட்டும் பயிற்சியாளர்கள்தான் அதிகம், மெதுவாகக் கொடுத்தவனை யாரும் கேட்பதில்லை.

10 மீட்டருக்கு மேல் புஷ்ஷை நம்பாதீர்கள், ஸ்லாப் கற்றுக்கொடுங்கள். இரண்டு கையும் பிரிந்தே இருக்கட்டும், மட்டை தரையை ஒட்டி வரட்டும், பந்து இடது பாதத்துக்கு நேராக, ஒரு மட்டைத்தலை அளவு முன்னால்.

ஜூன் 4, காலை 7.05 | லெஃப்ட் பேக்

பாதங்களைப் பார்த்தேன். ரைட் பேக் ஓரளவு பரவாயில்லை. பந்து போவதில் பாதிக்கு மேல் இடது பக்கம்தான். லெஃப்ட் பேக்கை மாற்றிப் பார்த்தும் அதே கதை. (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

ஜூன் 4, காலை 8.40 | பழைய இன்சைட்

எதுக்கு இவ்வளவு சிக்கல்? ஏரியல் தூக்கிப் போடுங்க. பிரஸ் செய்ற நாலு பேர் தலைக்கு மேல பந்து போயிடும், முடிஞ்சது.

ஜூன் 4, மதியம் 1.15 | சென்டர் ஹாஃப்

முதலில் இடது பக்கம், ஏரியல் அப்புறம்.

ஆளை மாற்றித் தீராது, மட்டையின் அமைப்பே காரணம். லெஃப்ட் பேக் முதுகைச் சைட்லைனுக்குக் கொடுத்து நின்றால் அவனுடைய ஃபோர்ஹேண்ட் பக்கம் (மட்டையின் தட்டை முகத்தால் ஆடும் வலது பக்கம்) தன் கோல் பக்கம் இருக்கும். ரைட் பேக்குக்கு இது நேர் எதிர், அவன் வாங்கிய கையோடு முன்னேறலாம். இன்னொன்று: லெஃப்ட் பேக்கை நோக்கி உள்பக்கத்திலிருந்து ஓடிவரும் ஃபார்வர்டின் ஃபோர்ஹேண்ட் சரியாகச் சைட்லைன் பக்கம், அதாவது உங்கள் ஆளின் பக்கம். மறுமுனையில் அதே வேலையை ரிவர்ஸில், அதாவது மட்டையைத் திருப்பி இடது பக்கம், செய்ய வேண்டும். எனவே விவரமான அணிகள் உங்களை இடது பக்கம் தள்ளியே கதவைச் சாத்தும்.

செய்ய வேண்டியவை மூன்று.

லெஃப்ட் பேக் ரைட் பேக்கைவிட 2–3 மீட்டர் பின்னால் தொடங்கட்டும், குதிகால் சைட்லைனை ஒட்டி. இரண்டு பேக்கும் ஒரே உயரத்தில் அழகாக நிற்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பாஸ் அவனுடைய இடது பாதத்துக்கு, அதாவது முன் பாதத்துக்கு வர வேண்டும். பந்து வரும்போதே வலது கால் சுற்றி வந்துவிட வேண்டும். பந்து நிற்கும் கணத்தில் அவன் முன்னோக்கியும், பந்து அவன் ஃபோர்ஹேண்டிலும் இருக்கும். மட்டையை மட்டும் சுழற்றி, காலை மறந்தால் பந்து பின்பக்கம் தங்கிவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சென்டர் பேக்கிலிருந்து லெஃப்ட் பேக்குக்கு நேராகக் கொடுக்காமல் சென்டர் ஹாஃபுக்குக் கொடுத்து, அவன் ஒரே தொடுதலில் லெஃப்ட் பேக்கின் ஓட்டத்துக்குத் தட்டிவிடுவது. இப்போது பந்து லெஃப்ட் பேக்குக்கு முன்னாலிருந்து வருகிறது, அவன் எதிரணி கோலைப் பார்த்தபடி ஓடி வாங்குகிறான். திரும்பும் வேலையே இல்லை. சென்டர் ஹாஃப் வாங்கித் திரும்பப் பார்த்தால்தான் கெடும், அவன் முதுகில் ஆள் இருப்பான். அவனுக்கு அங்கே சுவரின் வேலை மட்டும்தான்.

ஜூன் 4, மதியம் 1.40 | சென்டர் ஹாஃப்

ஏரியலுக்கு வருவோம். நல்ல ஆயுதம்தான், கையில் இருந்தால். நாலு பேர் மேலே ஏறிய பிரஸ்ஸைத் தாண்ட 35–40 மீட்டர் வேண்டும். 25 மீட்டரில் விழும் ஏரியல் பிரஸ்ஸின் இரண்டாம் வரிசை நடுவே போய் விழும். எதிரணிக்கு நீங்களே பரிமாறியது போலாகிவிடும். 16 வயதில் ஒரு அணியில் ஓரிருவரால்தான் அந்தத் தூரம் போட முடியும். எதிரணி பயிற்சியாளரும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கமாட்டார், அந்த ஓரிருவர் மேல்தான் முதலில் ஆளை விடுவார். 5 மீட்டருக்குள் நிற்பவன் மேல் பந்தைத் தூக்கினால் ஆபத்தான ஆட்டம் என்று ஃப்ரீ ஹிட் அவர்களுக்கு.

விழும் இடமும் முக்கியம். நடுவில் போட்டால் இரண்டு பேர் போட்டியிடுவார்கள். எதிர்ச் சைட்லைனிலிருந்து 5–8 மீட்டர் உள்ளே, அங்கே தனியாக நிற்கும் ஓர ஃபார்வர்டான விங்குக்குப் போடுங்கள். முதலில் வாங்கும் இடத்தில் இருப்பவனுக்குத்தான் உரிமை. பந்து அவன் கட்டுப்பாட்டில் தரைக்கு வரும்வரை எதிராளி 5 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மட்டை எட்டாத தூரத்தில் ஆபத்தில்லாமல் குறுக்கே புகுந்து எடுப்பதை மட்டும் இப்போதைய விதி அனுமதிக்கிறது. இருவர் ஒன்றாக நின்றால் உரிமை பந்தைத் தூக்காத அணிக்குப் போகும். ஆக, போடுகிறவனைவிட வாங்குகிறவன் தனியாக நிற்பதுதான் பயிற்சிக்குரிய விஷயம்.

ஜூன் 4, இரவு 8.20 | பேட் கட்டியவன்

எல்லாரும் பதினோராவது ஆளை மறந்துட்டீங்க. பிரஸ் முழுசையும் முன்னால வச்சுப் பார்க்கிறவன் கோல்கீப்பர் ஒருத்தன்தான். அவன் வாயைத் திறந்தாலே பாதிப் பிரச்சினை போயிடும்.

ஆனா என்ன கத்துறதுன்னு சொல்லிக்கொடுக்கணும். "பார்த்து", "கவனம்", "போ போ"ன்னு கத்துற கீப்பரால பிரயோஜனம் இல்ல. மூணே வார்த்தை: "ஆள்" (முதுகுல வர்றான்), "நேரம்" (திரும்பலாம்), "பின்னால" (திருப்பிக் கொடு). அதுவும் பாஸ் பாதி தூரம் வர்றதுக்குள்ள. பந்து மட்டைக்கு வந்த பிறகு "ஆள்"னு கத்தினா அது தகவல் இல்ல, இரங்கல் செய்தி.

ஜூன் 5, காலை 6.50 | பழைய இன்சைட்

சரி, ஃபார்மேஷன் என்ன? 4-3-3 வச்சிருக்கீங்களா, 3-4-3யா? அதைச் சொல்லாம இவ்வளவு பேசிட்டோம்.

ஜூன் 5, காலை 9.30 | சென்டர் ஹாஃப்

அந்த எண்கள் விசில் அடித்த முதல் பத்து விநாடிக்குத்தான். ஐந்து ஃபார்வர்ட், மூன்று ஹாஃப், இரண்டு பேக் என்று ஆடிய காலத்தில் எண்ணுக்குப் பொருள் இருந்தது. ஆஃப்சைட் விதி இருந்தது, புல்தரையில் பந்து மெதுவாக வந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கை டர்ஃப் வந்தது. 90களின் கடைசியில் ஆஃப்சைட் போனது, 2009-இல் ஃப்ரீ ஹிட்டைத் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் செல்ஃப் பாஸ் வந்தது. இப்போது பந்து உங்களிடம் இருக்கும்போது ஓர் உருவம், இல்லாதபோது வேறோர் உருவம்.

அவுட்லெட்டுக்கு (பின்வரிசையிலிருந்து பந்தை வெளியே எடுப்பதற்கு) நான் பார்ப்பது எண்ணை அல்ல, இதை: சென்டர் பேக்குகள் இருவருக்கும் நடுவே 12–15 மீட்டர் இருக்கிறதா? ஒருவன் மற்றவனைவிட 3–5 மீட்டர் பின்னால் இருக்கிறானா? பக்கத்துக்குப் பக்கம் பந்தை மாற்றும்போது பாஸ் சாய்வாகப் பின்னோக்கிப் போய், பிறகு சாய்வாக முன்னோக்கி வர வேண்டும். கோட்டைக் கிழித்த மாதிரி நேர்க்குறுக்கான பாஸை ஒருவன் வெட்டிவிட்டால் அவனுக்கும் கீப்பருக்கும் நடுவே யாரும் இல்லை. அந்த ஒரு பாஸுக்கு மட்டும் என் அகராதியில் மன்னிப்பு கிடையாது.

சென்டர் ஹாஃப் நிற்க வேண்டியது பிரஸ்ஸின் முதல் வரிசைக்குப் பின்னால், இரண்டு ஃபார்வர்டுக்கு நடுவே தெரியும் இடைவெளியில். பந்து நகரும்போதெல்லாம் அந்த இடைவெளியும் நகரும், அவனும் நகர வேண்டும். நின்ற இடத்தில் கைகாட்டிக் கேட்பவனுக்குப் பந்து வராது.

ஜூன் 5, மதியம் 12.10 | சென்டர் ஹாஃப்

பிரஸ் செய்பவர்கள் எப்போது பாய்வார்கள் என்பதையும் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள். பாஸ் மெதுவாக இருந்தால், வாங்குகிறவனின் உடம்பு மூடியிருந்தால், பந்து துள்ளினால், தலை குனிந்தால். இந்த நாலில் ஒன்று தெரிந்ததும் நால்வரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஒருவன் மட்டும் தனியாகக் கிளம்பினால் அது வெறும் ஓட்டம். அவனைத் தாண்டிவிட்டால் நீங்கள் ஓர் ஆள் அதிகம்.

ஜூன் 7, இரவு 9.00 | சென்டர் ஹாஃப்

லெஃப்ட் பேக் தனியாகக் கேட்ட டிரில், எல்லோருக்கும் உதவட்டும் என்று இங்கேயே.

டர்ஃபின் முழு அகலம் 55 மீட்டர், நீளம் பேஸ்லைனிலிருந்து நடுக்கோடு வரை. கீப்பர், நாலு பேக், சென்டர் ஹாஃப் ஒரு பக்கம். எதிரில் நாலு பேர் பிரஸ். நடுக்கோட்டில், ஒவ்வொரு சைட்லைனிலிருந்தும் 10 மீட்டர் உள்ளே, 3 மீட்டர் அகலத்தில் ஒரு கேட். பின்வரிசை கேட் வழியாகப் பாஸ் கொடுத்தால் 1 புள்ளி, பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டினால் 2. பிரஸ் பந்தைப் பறித்தால் 8 விநாடிக்குள் கோல் அடிக்க வேண்டும், அடித்தால் 3. ஒவ்வொரு முறையும் 15 மீட்டர் ஃப்ரீ ஹிட்டிலிருந்து தொடக்கம். 2 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, 6 சுற்று. பக்கத்தில் பத்துப் பந்து தயாராக வையுங்கள். பந்து பொறுக்கப் போகும் நேரத்தில் டிரில் செத்துவிடும்.

முதல் இரண்டு சுற்றில் பிரஸ்தான் ஜெயிக்கும். உடனே நடுவில் நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். மூன்றாவது சுற்றுக்கு முன் ஒரே ஒரு கேள்வி: "அவங்க உங்களை எந்தப் பக்கம் தள்றாங்க?" பதில் அவர்களே சொல்லட்டும்.

ஜூன் 8, காலை 7.30 | பழைய இன்சைட்

இதுல ரெண்டு தொடுதல் மட்டும்னு கட்டுப்பாடு வச்சா இன்னும் வேகம் வருமே?

ஜூன் 8, காலை 10.05 | சென்டர் ஹாஃப்

வேகம் வரும், புத்தி போகும். இரண்டு தொடுதல் என்றால் பையன் பந்தை எங்கேயாவது கொடுத்துவிட்டால் போதும் என்று ஆடுவான். முன்னால் 10 மீட்டர் காலியாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடமாட்டான். ஒரு சென்டர் பேக் பந்தோடு 8 மீட்டர் முன்னேறினால் பிரஸ் செய்பவன் ஒருவன் அவனிடம் வந்தே ஆக வேண்டும், பின்னால் ஒருவன் காலியாவான். பிரஸ்ஸை உடைக்க அதைவிட எளிய வழி இல்லை. தொடுதலுக்குப் பதில் நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள்: நின்ற இடத்தில் பந்தை 3 விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஓடினால் வரம்பு இல்லை.

இரண்டு தொடுதலை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். டி-யின் (கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்தின்) விளிம்பில் 3-க்கு 2 ஆடும்போது அது நன்றாகவே வேலை செய்கிறது. அங்கே தாமதம்தான் எதிரி.

ஜூன் 10, இரவு 9.45 | லெஃப்ட் பேக்

டிரில் நாலு சுற்று போனது. அவுட்லெட் தெளிந்து வருகிறது, சென்டர் ஹாஃப் சுவராக நிற்பது நன்றாக எடுபடுகிறது. ஆனால் பந்து போனதும் என் பேக்குகள் பாய்ந்து விழுகிறார்கள். இரண்டு பேர் தரையில், ஃபார்வர்ட் கீப்பருக்கு முன்னால்.

ஜூன் 10, இரவு 10.30 | சென்டர் ஹாஃப்

டாக்கிள் என்றால் பந்தைப் பறிப்பது என்று சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். முதல் வேலை தாமதப்படுத்துவது. இரண்டாவது, ஆளை உங்கள் ஃபோர்ஹேண்ட் பக்கம் ஓடவைப்பது. பறிப்பது மூன்றாவது.

நிற்கும் முறை: நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், இடது கால் முன்னால், முழங்கால் மடங்கி, மட்டைத்தலை தரையில். ஒரு மட்டை நீளத்துக்கும் கொஞ்சம் அதிக தூரம் விட்டு, அவன் வேகத்துக்குப் பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும். இடது கையால் மட்டும் மட்டையைக் குத்தி எடுக்கும் ஜாப், பந்துக்கு அல்ல, பயமுறுத்த. இரண்டு முறை குத்தினால் அவன் தலை பந்துக்குக் குனியும். குனிந்த தலைக்குப் பாஸ் தெரியாது. குத்திய மட்டை உடனே திரும்பி வர வேண்டும். முன் காலில் எடையைப் போட்டுக் குத்துபவனுக்குத் திரும்பி வர முடியாது. உங்கள் பேக்குகள் விழுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

தரையோடு மட்டையைப் படுக்கவைத்துத் தடுப்பதானால் விரல் முட்டி தரையைத் தொட வேண்டும். கை 10 செ.மீ. உயர்ந்தாலே மட்டை சாய்ந்து பந்து அதன் மேல் ஏறித் தாண்டிவிடும். கையுறை போடாமல் இதைப் பழக்காதீர்கள்.

இருவர் இருந்தால் ஒருவன் மட்டும் போக வேண்டும். இரண்டாமவன் 4–5 மீட்டர் பின்னால் சாய்வாக நிற்பான். யார் போவது என்பதைப் பின்னால் இருப்பவன் சொல்ல வேண்டும், முன்னால் இருப்பவனுக்கு அவன் கண்ணில் ஒருவன்தான் தெரிவான்.

ஜூன் 11, காலை 7.15 | பழைய இன்சைட்

பாய்ஞ்சு விழுறவனுக்கு அம்பயரே பாடம் எடுப்பார். பச்சை கார்டுக்கு 2 நிமிஷம், மஞ்சளுக்குக் குறைஞ்சது 5 நிமிஷம். வெளியே உட்கார்ந்து யோசிக்க நல்ல இடம்.

ஜூன் 11, காலை 11.20 | சென்டர் ஹாஃப்

அவன் யோசிப்பான், மீதிப் பத்துப் பேர் என்ன செய்வது? ஆள் குறைந்து ஆடுவதைப் பெரும்பாலான அணிகள் பழகுவதே இல்லை. கார்டு விழுந்ததும் எல்லோரும் பயிற்சியாளர் முகத்தைப் பார்ப்பார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி, இந்தியாவும் பிரிட்டனும். 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேர். 1-1, ஷூட்-அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், சரிதான். அந்த ஆட்டத்தைப் பின்வரிசையின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். டி-க்கு முன்னாலுள்ள நடுப்பகுதியை நெருக்கி அடைத்துவிட்டு ஓரங்களை விட்டுக்கொடுத்து ஆடியதைப் பார்க்கலாம். ஓரத்திலிருந்து கோல் விழாது, அங்கிருந்து உள்ளே வரும் பந்துதான் விழும்.

உங்கள் அணிக்கு: ஃபார்வர்டில் ஒருவரைக் குறைத்து 4-4-1. பந்து கிடைத்தால் அவசரமில்லை. செல்ஃப் பாஸ் எடுக்கக் கூடாது, பந்தைச் சைட்லைனில் வைத்து நேரத்தைக் கரைக்க வேண்டும். 5 நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் பந்து உங்களிடம் இருந்தாலே எதிரணி பொறுமை இழக்கும். பயிற்சி ஆட்டத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவனை 5 நிமிடம் வெளியே கூப்பிடுங்கள். சில சமயம் அது சென்டர் ஹாஃபாக இருக்கட்டும்.

ஜூன் 13, இரவு 8.50 | லெஃப்ட் பேக்

தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம், இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பெனால்டி கார்னர். எங்களிடம் டிராக் ஃபிளிக்கர் (பந்தை மட்டையால் இழுத்துத் தூக்கி கோலுக்குள் வீசுபவன்) இல்லை. ஒருவனை உருவாக்கவா?

ஜூன் 13, இரவு 10.10 | சென்டர் ஹாஃப்

முதலில் இன்ஜெக்டரை, அதாவது பேஸ்லைனிலிருந்து பந்தைத் தள்ளிவிடுபவனை, உருவாக்குங்கள். கார்னரில் யாரும் பாராட்டாத ஆள், ஆனால் எல்லாம் அவனிடமிருந்துதான்.

இன்ஜெக்ஷன் கோல்போஸ்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி. கோல் அகலம் 3.66 மீட்டர், டி-யின் உச்சி பேஸ்லைனிலிருந்து 14.63 மீட்டர். கூட்டிக் கழித்தால் பந்து போக வேண்டிய தூரம் ஏறக்குறைய 19 மீட்டர். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால் 1.3 விநாடிக்குள், 12 மீட்டர் வேகத்தில் போனால் 1.6 விநாடி. அந்த 0.3 விநாடியில் எதிரணியின் முதல் ரன்னர் (பந்தை நோக்கி ஓடிவரும் தற்காப்பாளர்) இரண்டு மீட்டர் கூடுதலாக வந்துவிடுவான். உலகத்தின் நல்ல ஃபிளிக்கர் உங்களிடம் இருந்தாலும் அவன் மட்டைக்கு முன்னால் ஆள் நிற்பான்.

இன்ஜெக்டர் கைகள் பிரிந்து, எடை பின்காலில், மட்டை பந்தை ஒட்டித் தொடங்கி இழுத்துத் தள்ள வேண்டும். பந்தைத் தட்டக் கூடாது, தட்டினால் துள்ளும். குறி ஸ்டாப்பரின் (பந்தை நிறுத்துபவனின்) மட்டைத்தலை, ஸ்டாப்பர் அல்ல. ஸ்டாப்பர் டி-க்கு வெளியே நிறுத்தி உள்ளே இழுத்துவிட வேண்டும். வெளியே போகாத பந்தில் அடித்த கோல் செல்லாது. பயிற்சியில் வெறும் இன்ஜெக்ஷன்–ஸ்டாப் மட்டும் 20, கோலைப் பற்றிய பேச்சே இல்லாமல். 20-இல் 17 சுத்தமாக நின்றால் பிறகு ஷாட்.

ஃபிளிக்கர் இல்லாவிட்டால்: தரையோடு பலமான ஹிட், கீப்பரின் மட்டைப் பக்கம் அல்லாத மூலை. அல்லது உச்சியிலிருந்து பக்கத்துப் பேட்டரிக்கு (அங்கே நிற்கும் இன்னொரு ஸ்டாப்பர்–ஷூட்டர் ஜோடிக்கு) 2–3 மீட்டர் நகர்த்தி அடிப்பது, ரன்னரின் கோடு வீணாகும். அல்லது ஹிட்டைக் கோலுக்கு ஒரு மீட்டர் வெளியே குறிவைத்து, ஓடிவரும் இன்ஜெக்டர் போஸ்ட் அருகே மட்டையைப் படுக்கவைத்துத் திசைதிருப்புவது. மூன்றாவது அழகானது, பத்தில் இரண்டுக்குப் பலித்தாலே அதிர்ஷ்டம். மூன்று வகை போதும். எட்டு வகை வைத்திருக்கும் சிறுவர் அணிக்கு எட்டுமே வராது.

ஜூன் 14, காலை 6.40 | பழைய இன்சைட்

முதல் ஷாட் கோலோட அடிப் பலகை உயரத்துக்கு மேல போனா கோல் இல்லையே, அதையும் சொல்லுங்க. ஃபிளிக்குக்கும் அதே விதிதானே?

ஜூன் 14, காலை 7.20 | பேட் கட்டியவன்

இல்லங்க. 460 மி.மீ. பலகை உயரம் ஹிட்டுக்கு மட்டும்தான். முதல் ஷாட் ஹிட்டா இருந்தா கோல் லைனைத் தாண்டும்போது அதுக்கு மேல இருக்கக் கூடாது. ஃபிளிக், ஸ்கூப், டிஃப்ளெக்ஷன் எவ்வளவு உயரத்திலயும் போகலாம், ஆபத்தா இல்லாதவரைக்கும். அதனாலதான் கீப்பருங்க ராத்திரி தூக்கம் கெட்டது.

தற்காப்புப் பக்கத்தையும் சொல்லிடறேன். கீப்பரோட சேர்த்து அஞ்சு பேர். முதல் ரன்னரும் கீப்பரும் முன்னாடியே பேசி வச்சிருக்கணும்: ரன்னர் இந்தப் பக்கத்தை மூடுவான், கீப்பர் அந்தப் பக்கத்தை எடுப்பான். ரன்னர் தினம் ஒரு கோட்டுல ஓடினா கீப்பருக்குப் பந்தே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே கோடு, மட்டை தரையில.

5 மீட்டருக்குள்ள நிக்கிற ரன்னருக்கு முதல் ஷாட் முழங்காலுக்குக் கீழ பட்டா மறுபடியும் கார்னர். முழங்கால்லயோ அதுக்கு மேலயோ, இயல்பா நிக்கிறப்போ பட்டா நமக்கு ஃப்ரீ ஹிட். இதைக் கேட்டுட்டு உடம்பைக் கொடுத்துத் தடுக்கலாம்னு நினைக்கக் கூடாது. மட்டையால ஆட முயற்சி பண்ணாம ஷாட்டுக்குள்ள ஓடினா ஆபத்தான ஆட்டம்னு அம்பயர் ரன்னரைத்தான் தண்டிப்பார். சின்னப் பசங்களுக்கு முகக்கவசமும் முழங்கால் பேடும் இல்லாம கார்னர் பயிற்சியே வேண்டாம், இதுல பேரம் கிடையாது.

கீப்பர் கோல் லைன்லயே நிக்காம ஒன்றரை, ரெண்டு மீட்டர் முன்னால. கை இடுப்புக்கு மேல, எடை முன்பாதத்துல. குதிகால்ல நின்னா ஃபிளிக் உள்ள போன பிறகுதான் டைவ் அடிப்பான்.

ஜூன் 14, மதியம் 12.45 | சென்டர் ஹாஃப்

டிராக் ஃபிளிக் பற்றி: ஒருவனைத் தொடங்கிவைக்கலாம், அவசரப்படாமல். பந்தை வலது பாதத்துக்கு அருகே மட்டையின் அடிப்பகுதியில் எடுத்து, இடது காலை அகலமாக ஊன்றி, முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில் மணிக்கட்டு. பையன்கள் மணிக்கட்டிலிருந்து தொடங்குவார்கள், பந்து உயரும், வேகம் இருக்காது. கீழ்முதுகுதான் விலை கொடுக்கும் இடம். ஒரு செஷனுக்கு 15–20, வாரத்துக்கு இரண்டு நாள். வலி என்றால் அன்றைக்கே நிறுத்தம். வளைவு அதிகமான மட்டையைத் தேடி அலையவும் வேண்டாம், விதி 25 மி.மீ.க்கு மேல் அனுமதிக்காது. அந்த வளைவில் நேரான ஹிட் அடிப்பதும் கடினம்.

ஜூன் 17, இரவு 9.20 | லெஃப்ட் பேக்

மேட்ச் முடிந்தது, தோல்விதான், ஆனால் அவுட்லெட்டில் அல்ல. இரண்டு முறை ரைட் பேக் பந்தோடு 23 மீட்டர் கோட்டைத் தாண்டிப் போனான். இரண்டு முறையும் அதற்கப்புறம் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டான்.

ஜூன் 17, இரவு 9.55 | சென்டர் ஹாஃப்

அவன் பந்தோடு கிளம்பும்போது உங்கள் ரைட் விங் எங்கே நின்றான்? சைட்லைனில் அதே பாதையில் நின்றிருந்தால் அவனைக் காக்கும் ஆளும் அங்கேயே இருந்திருப்பான். பேக் கிளம்பியதும் விங் சாய்வாக உள்ளே ஓட வேண்டும், இன்சைட் ரைட் அந்த ஓரத்துக்கு வெளியேற வேண்டும். பேக்குக்கு இரண்டு பாஸ் திறக்கும். மூன்று பேரை வைத்து, எதிரில் இரண்டு பேக்கை நிறுத்தி, ஓரத்தில் 15 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்தில் பழக்குங்கள். எண்ணுவது ஒன்றே ஒன்று: பேக் தலை நிமிரும் முன் விங் கிளம்பினானா, பின்னா.